மாப்பிள்ளை வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நேற்று போனில் பேசும்போது நீ மூன்று தடவை இருமினாய். "ஏசி ரூம்மா, ஒண்ணுமில்ல" என்றாய். எது ஒன்றுமில்லாத இருமல், எது அப்படி இல்லாதது என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? கம்பெனி, கையெழுத்து, அபராதம் என்று நீ என்னிடம் கேட்டதற்கும் அந்த இருமலுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சோறு போட்டவளும் நானே என்பதால் நீ கிளறிப் பார்க்கவில்லை.

போன மாதம் அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு வந்திருந்தாய். படையல் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, கொல்லையில் கை கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தாய். உங்கள் கம்பெனியின் கார் ஒன்று சாலையில் ஓடும்போது சட்டம் அனுமதித்த அளவைவிட அதிகமாகப் புகை விடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். கம்பெனிக்குப் பெரிய அபராதம் போடப் போகிறார்களாம். சோதனைக்குக் கொடுத்த காரும் சனங்களுக்கு விற்ற காரும் ஒன்றுதான் என்று கம்பெனி பதில் எழுதி வைத்திருக்கிறது. சோதனை செய்த இன்ஜினியர் நீ என்பதால் அதன் கீழே உன் கையெழுத்து வேண்டும். போட்டால் அபராதம் நிற்கும், தை பிறந்ததும் உனக்கு வெளிநாட்டு வேலை. போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

"ரெண்டு காரும் ஒண்ணுதானா தம்பி?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். "பேருக்கு ஒண்ணுதாம்மா. டெஸ்ட்டுக்குப் போற காரை மட்டும் நம்ம அப்பாவோட மாப்பிள்ளை வண்டி மாதிரி பார்த்துப் பார்த்து வச்சிருப்போம். அது ரோட்டுப் பக்கமே வராது. கையெழுத்துப் போடலாமாம்மா?"

அப்பாவின் பைக்குக்கு மாப்பிள்ளை என்று ஏன் பெயர் வந்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னாய். ஆனாலும் என்னையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். அந்தப் பயத்தில், "போட்டுடு தம்பி. ஊரே போடுற கையெழுத்துதானே" என்றேன். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மறுநாள் இட்லி எட்டு சாப்பிட்டாய். அந்த நிம்மதியை உனக்குக் கொடுத்துவிட்டு ஒரு மாதமாக நான் தூங்கவில்லை. அன்று சொன்ன பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றாய். புதன்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்க்காரன் சொல்கிறான்.

நான் புகைப் பரிசோதனை மையம் வைத்திருப்பது உனக்குத் தெரியும், அது எப்படி நடந்தது என்று தெரியாது. ஒரத்தநாடு சாலையில் பெட்ரோல் பங்கை ஒட்டி அந்தத் தகரக் கடையைத் திறந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெஷின், மெஷினிலிருந்து ஒரு நீளக் குழாய். வண்டியை ஸ்டார்ட் செய்து குழாயை சைலன்சருக்குள் செருகினால் எவ்வளவு புகை என்று மெஷின் சொல்லும். அளவுக்குள் இருந்தால் சர்டிபிகேட் அடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தேறவில்லை என்று சீட்டு அடிக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். தேறாத வண்டிக்காரர்களிடம் சீட்டெல்லாம் அடித்து மனம் நோகச் செய்யாமல், "கார்புரேட்டரைப் பார்த்துட்டு வாங்கண்ணே" என்று வாயால் சொல்லி அனுப்பினேன். போனவர்கள் கார்புரேட்டரைப் பார்க்கவில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இன்னொரு கடையைப் பார்த்தார்கள். அங்கே இரண்டு நிமிஷத்தில் சர்டிபிகேட். குறுவை அறுப்பு நேரம், டவுனுக்கு வருகிற வண்டியெல்லாம் என் கடையைத் தாண்டிப் போனது. நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை தம்பி, என் சொந்த மூளைதான். உன் அப்பா பள்ளி வேன் ஓட்டப் போகும்போது தன் பைக்கைக் கடையில் விட்டுவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைப் பிரித்துத் துடைத்து மாட்டுகிற மனிதர். வயசான வண்டிதான், ஆனாலும் புகை என்றால் என்ன விலை என்று கேட்கும். குழாயை அதன் சைலன்சரிலேயே நிரந்தரமாகச் செருகி வைத்தேன். வருகிற வண்டியின் நம்பரைத் தட்டுவேன், அந்த வண்டியின் நம்பர் பிளேட்டைப் படம் எடுப்பேன், புகை மட்டும் அப்பாவின் பைக்கிலிருந்து போகும். பெண் பார்க்கத் தங்கையைக் காட்டி, மணையில் அக்காவை உட்கார வைத்த கதை. எந்தப் பெட்ரோல் வண்டி வந்தாலும் மெஷின் முன்னால் உட்காருகிற மாப்பிள்ளை அப்பாவின் பைக்தான். அப்படி வந்த பெயர்தான் அது. அப்பா பளபளவென்று வைத்திருப்பதால் நான் செல்லமாகக் கூப்பிடுகிறேன் என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் வேன் டிரிப் முடிந்து வந்தவர் பைக்கில் குழாய் செருகியிருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என் வண்டியைப் பொய்ச்சாட்சிக்குப் பழக்கிட்டியே" என்றார். "ஊரோட ஒத்து வாழணுங்க" என்றேன். அதற்கு மேல் அவர் சண்டை போடவில்லை. அவர் சண்டை போடாததை சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவரோடு வாழ்ந்த அத்தனை வருஷமும் நான் செய்த தவறு அதுதான்.

இப்போது அந்த வேன். உனக்கு ஞாபகம் இருக்கும். மஞ்சள் பெட்ரோல் வேன், பின்கதவு சரியாகச் சாத்தாது, கயிறு கட்டியிருக்கும். நீ நான்காம் வகுப்பு போனபோது அதன் இன்ஜின் தேய்ந்து ஆயில் குடிக்க ஆரம்பித்தது. வேன் போன பிறகும் தெருவில் நீலப் புகை நிற்கும். அந்தப் புகை கதவிடுக்கு வழியாக உள்ளேயும் வரும். அப்பா முதலாளியிடம் மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்தார். அவர், "ஓடுற வரைக்கும் ஓட்டுப்பா" என்பாராம். சர்டிபிகேட் முடிகிற சமயம் வந்தது. அதற்கு முந்தின நாள் அப்பா என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"இந்தா, நாளைக்கு ஓனரு வேனைக் கொண்டுட்டு வருவாரு. குழாயை அந்த வேன்லயே வச்சுப் பாரு. தேறாது. தேறலைன்னு சீட்டுக் குடுத்துடு. அப்புறம் அவரு இன்ஜின் வேலை பார்த்துத்தான் ஆகணும்."

"உங்க முதலாளிங்க அவரு. கோவத்துல உங்களை நிறுத்திட்டா?"

"நிறுத்துனா நிறுத்தட்டும். பின்னாடி பன்னெண்டு புள்ளைங்க உட்கார்ந்து வருதுங்க. அதுல நம்ம புள்ளையும் ஒண்ணு. ஒரு தடவை முடியாதுன்னு சொல்லு, போதும்."

உன் அப்பா தன் வாழ்நாளில் என்னிடம் கேட்டது இரண்டோ மூன்றோதான். அதில் இது ஒன்று. சரிங்க என்று தலையாட்டினேன். மறுநாள் முதலாளி வந்து, "தங்கச்சி, சீக்கிரம் போட்டுக் குடும்மா, ஸ்கூல் விடுற நேரமாச்சு" என்றார். வேன் வெளியே உறுமிக்கொண்டு நின்றது. கடைக்குள்ளேயே எனக்குக் கண் எரிந்தது. குழாயை மாப்பிள்ளையிலிருந்து பிடுங்கக் கையை நீட்டினேன். முதலாளி முகத்தைப் பார்த்தேன். கையை மடக்கிக்கொண்டேன். வேன் தேறிவிட்டது. சர்டிபிகேட்டை இரண்டு கையாலும் நீட்டினேன், கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல.

அந்த ஐப்பசியில்தான் உனக்கு முதல் இளைப்பு வந்தது. மழை, குளிர் என்று நினைத்தோம். நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல சத்தம். தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல விறகடுப்பாம்மா? பையன் புகையில இருக்கானா?" என்றார். "இல்லைங்க டாக்டர், கேஸ் அடுப்புதான்" என்றேன். அது உண்மை. உண்மையை வைத்தே பொய் சொல்லலாம் என்று அன்று கற்றுக்கொண்டேன். அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நீ அவர் மடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உனக்கு இளைப்பு வந்தது அந்த வேனால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். போன வருஷம் அப்பா போனதும் மாரடைப்பால்தான், புகையால் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். மறுவாரத்திலிருந்து அப்பா உன்னை வேனில் முன்சீட்டுக்கு மாற்றினார். நீ அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாய். "டிரைவர் மகன்னா சும்மாவா, எனக்கு மட்டும் முன்சீட்டு" என்று சிநேகிதர்களிடம் நீ சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பெருமைக்காக உட்கார வைத்த சீட்டு இல்லை தம்பி அது. உன்னைப் புகையிலிருந்து எடுத்தோம். பின்னால் கதவோரத்தில் நீ விட்ட இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்தது. அது யார் வீட்டுப் பிள்ளை என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் பெயர் தெரிந்துவிடுமே.

அந்த வேன் எப்படிச் சரியானது என்றும் சொல்கிறேன். உன் அப்பா ஒரு வருஷத்துக்கு மேல் கெஞ்சி நடக்காத காரியம். ஒருநாள் திருவாரூர் போகும் வழியில் செக்கிங். அதிகாரி புகையைக் கண்ணால் பார்த்துவிட்டு வேனை ஓரங்கட்டச் சொன்னாராம். நான் கொடுத்த சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்து, "இது எந்த வண்டிக்குக் குடுத்ததுப்பா?" என்று கேட்டாராம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். அபராதத்தை டிரைவர் பெயரில் போடாமல் முதலாளி பெயரில் போட்டார்கள், வேலை பார்க்காமல் வேனை எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஒரே வாரம். இன்ஜினை இறக்கி, புதுசாகப் போட்டு, பின்கதவுக்குத் தாழ்ப்பாள்கூட வைத்துவிட்டார். பன்னிரண்டு பிள்ளைகளின் நெஞ்சுக்கு இளகாத மனசு அபராதச் சீட்டுக்கு இளகியது. அவர் கெட்ட மனிதர் இல்லை. உன் காதுகுத்துக்கு வந்து மொய் எழுதியவர். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறோம்.

பொய் சர்டிபிகேட் கொடுத்த என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் பயந்து கடையைத் திறக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் திறந்து, குழாயை எடுத்து மறுபடியும் மாப்பிள்ளையில் செருகினேன். எனக்கும் ஒரு அபராதம் போட்டிருந்தால் அன்றோடு விட்டிருப்பேன் என்று சத்தியம் செய்து சொல்வேன். போடவில்லை, அதனால் இருபது வருஷம் ஓட்டினேன். அப்பா போன பிறகு அவர் பைக்கைத் தொட மனசில்லாமல் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். அப்போதும் நிறுத்தவில்லை. கஷ்டப்படாமல் போய் வரட்டும் என்று நீ எனக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தாயே, அந்தப் புது ஸ்கூட்டர் மாப்பிள்ளை ஆனது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கார் கம்பெனிக்கு அபராதம் போடலாமா என்று அன்று கொல்லையில் வாதாடினாயே, போடத்தான் வேண்டும். "அபராதம் போட்டா கம்பெனி காரோட விலையை ஏத்தும்மா, கடைசியில வாங்குறவன் தலையிலதான் விடியும்" என்றாய். விடியட்டும், விலை ஏறினால் அடுத்த கம்பெனி காரை வாங்குவான். இப்போது மட்டும் யார் தலையில் விடிகிறது? கார் வாங்க வக்கில்லாமல் சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்கிறவன் நெஞ்சில் விடிகிறது. வாங்குகிறவன் வண்டியைப் பராமரிக்காதது கம்பெனி குற்றமா என்றும் கேட்டாய். பக்கத்து வயலில் மாடு இறங்கி நாற்றை மேய்ந்தால் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பார்கள். அபராதம் கட்டி ஓட்டிக்கொண்டு போவது மாட்டுக்காரன்தான். நாற்று போனவனிடம் நீ ஏன் வேலி போடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. யூரியா மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறவனை மறித்துப் புகை சர்டிபிகேட் எங்கே என்று அபராதம் வாங்குகிறோம். வண்டியைச் செய்யும்போதே பொய் வைத்துச் செய்தவனிடம் மட்டும் நயமாகப் பேசுகிறோம். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான்.

"கொஞ்சந்தாம்மா கூடுதல்" என்றும் சொன்னாய். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மேல்மடைக்காரர்கள் ஒவ்வொருவரும் கொஞ்சந்தானே என்று ஒருநாள் கூடுதலாக மடையைத் திறந்து வைத்தால் கடைமடையில் பயிர் காய்கிறது. மேலே போய்க் கேட்டுப் பார், தண்ணீரை எடுத்தவன் என்று ஒருவன்கூட இருக்க மாட்டான். எல்லோரும் கொஞ்சந்தான் எடுத்திருப்பார்கள்.

உன் பேச்சில் ஒரு நியாயம் இருந்ததையும் மறுக்கவில்லை. தெரியாமல் தப்பு நடந்து, தானே வந்து சொல்லி, வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுக்கிற கம்பெனியையும், மறைத்துவிட்டு மாட்டிக்கொள்கிறவனையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. முந்தினவனுக்குக் குறைவாகப் போடட்டும். ஆனால் பிந்தினவனுக்கு, சரிசெய்கிற செலவைவிட அபராதம் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதையும் ஒரு டிக்கெட் மாதிரி வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிற பிள்ளைகளின் வயிற்றில் அடித்துவிடுமே என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அவர்களைக் காட்டித்தான் ஒவ்வொரு கம்பெனியும் தப்பிக்கப் பார்க்கும் என்பதும் தெரிகிறது. நானும் உன்னைக் காட்டித்தானே தப்பித்தேன்? "புள்ளை படிக்கணும், அதுக்காகத்தான்" என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கையெழுத்துப் போடாதே தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது, தைரியசாலிபோல எழுதினேன் என்று நினைத்துவிடாதே. வெளிநாட்டு வேலை போகும், இருக்கிற வேலையும் போகலாம். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற சீர்காழிக்காரர்கள் பின்வாங்கலாம். அப்படிப் பின்வாங்கினால் நான் உன்னோடு உட்கார்ந்து அழுவேன், என்னால் முடிந்தது அதுதான். ஆனால் இன்னும் இருபது வருஷம் கழித்து உன் பிள்ளையை ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய், உன் மனைவி உன்னைத் திரும்பிப் பார்க்கிற பார்வை உனக்கு வேண்டாம்.

இதுவரை எழுதியதை ஒரு நகல் எடுத்து இன்று காலை கடைக் கதவில் ஒட்டினேன். உன்னை மட்டும் உண்மை பேசச் சொல்லிவிட்டு நான் ஒளிந்துகொள்ளக்கூடாது. பக்கத்து டீக்கடை அக்காதான் முதலில் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "என் வண்டிக்கும் இப்படித்தான் குடுத்தியாடி?" என்றாள். "ஆமாக்கா" என்றேன். தினமும் பதினொரு மணிக்கு வருகிற டீ இன்று வரவில்லை.

வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும் இன்ஹேலர் இரண்டாக வைத்துக்கொள், ஒன்று சட்டைப்பையில், ஒன்று பையில். மார்கழி பிறக்கப் போகிறது, காலையில் தலைக்குக் குளிக்காதே.

இன்னும் ஒன்றே ஒன்று. கடிதத்தை ஒட்டுவதற்கு முன், விடிந்ததும் தார்ப்பாயை விலக்கி அப்பாவின் பைக்கைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு வருஷமாக யாரும் ஆயில் மாற்றாத வண்டி. எட்டு உதை வாங்கிக்கொண்டு கிளம்பியது. குழாயை அதன் சைலன்சரில் செருகி, அதன் நம்பரையே தட்டி, அதையே படம் எடுத்தேன். ஊருக்கெல்லாம் தேறிக் கொடுத்த வண்டி, முதல் தடவையாகத் தன் பெயரில் நின்றபோது தேறவில்லை. பக்கத்திலேயே நீ வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டர் நின்றது. குழாயை எடுத்து அதில் செருக அரை நிமிஷம் ஆகாது. கை அந்தப் பக்கம் போனது, மறைக்க மாட்டேன். உன் அப்பா கேட்டது ஞாபகம் வந்தது. பிரிண்ட் பட்டனை அழுத்தினேன்.

இந்தக் கடையில் நான் அடித்த முதல் ஃபெயில் சீட்டு அது. கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். வண்டி நம்பர் உனக்கு மனப்பாடம். கீழே இருப்பது என் கையெழுத்து.

அம்மா